வெளிர் சாம்பல் எழுத்தை விட்டுத் தொலைப்போம்

போன வாரம் ஒரு மத்தியான வெயிலில் நின்றுகொண்டு, நானே வடிவமைத்த ஒரு படிவத்தை என் போனிலேயே நிரப்ப வேண்டி வந்தது. பெட்டிக்குக் கீழே சின்னதாக ஒரு குறிப்பு உண்டு, கோப்பு எத்தனை எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று. இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எழுதியதே நான்தானே. ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. பிரைட்னஸை முழுசாக ஏற்றி, கையை மடக்கி நிழல் கட்டிய பிறகுதான் லேசாகத் தெரிந்தது. வெள்ளைப் பின்னணியில் #999 என்கிற வெளிர் சாம்பல் நிறம், 12 பிக்சல். அதைத் தேர்ந்தெடுத்த அன்று ‘பளிச்சுனு சுத்தமா இருக்கு’ என்று குழுவில் எல்லோரும் தலையாட்டினோம்.

டிரெண்ட் என்று வருகிற மற்ற எதன் மீதும் எனக்குப் பெரிய கோபம் இல்லை. பக்கத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிற பென்டோ கிரிட் வரட்டும், திரையை அடைக்கிற தலைப்பு வரட்டும், ஸ்க்ரோல் பண்ணப் பண்ணப் படம் மிதக்கட்டும். சலித்தால் தானாகப் போய்விடும். இந்த மங்கல் எழுத்து மட்டும் ஒவ்வொரு அலையிலும் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. 2013ல் ஆப்பிளின் ஐபோன் மென்பொருள் ஐஓஎஸ் 7 மெல்லிசு ஃபான்ட்டோடு வந்தது, சோதனைப் பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுத்தைத் தடிமனாக்க வேண்டியதாயிற்று. 2020 வாக்கில் நியூமார்ஃபிசம், பின்னணி நிறத்திலேயே நிழலால் மட்டும் புடைத்துத் தெரிகிற பாணி, பட்டன் எது சுவர் எது என்றே தெரியாது. 2025ல் அதே ஆப்பிள் லிக்விட் கிளாஸ் என்று கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற தோற்றத்தைக் கொண்டுவந்தது, அப்புறம் ஐஓஎஸ் 26.1 பதிப்பில் கண்ணாடியைக் கொஞ்சம் அடர்த்தியாக்கிக்கொள்ள ஒரு தேர்வும் கொடுத்தது. பெரிய நிறுவனம் பின்வாங்கிவிடும், அதைப் பார்த்துக் காப்பியடித்த நம் பக்கங்கள் அப்படியே நின்றுவிடும்.

இத்தனைக்கும் விதி புதிதில்லை. இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான வழிகாட்டி விதிகள், டபிள்யூசிஏஜி 2.0, வந்தது 2008 டிசம்பரில். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாச விகிதம்), பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளை மேல் #999 என்பது 2.85தான். #777 போட்டால் 4.48, மயிரிழையில் ஃபெயில். #767676 போட்டால் 4.54, பாஸ். அந்த இரண்டு சாம்பலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆக, சாம்பலே கூடாது என்று யாரும் சொல்லவில்லை, கொஞ்சம் அடர்த்தியாக்கு என்றுதான் கேட்கிறார்கள்.

(இந்தக் கான்ட்ராஸ்ட் கணக்கு அப்பழுக்கில்லாதது என்றும் சொல்ல மாட்டேன். ஆரஞ்சு பட்டனில் கருப்பு எழுத்து பாஸாகும், வெள்ளை ஃபெயிலாகும், ஆனால் பலர் கண்ணுக்கு வெள்ளைதான் தெளிவாகப் படுகிறது. அந்தச் சண்டை தனி.)

இணைய அணுகல்தன்மைக்காக இயங்கும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2024ல் அதில் 81 சதவீதத்தில் மங்கல் எழுத்து. வேறு எந்தப் பிழையும் இந்த அளவுக்குக் கிட்டே வரவில்லை.

ஏன் இப்படி என்று யோசித்தால், என் அனுபவத்தில் காரணம் எளிது. பக்கங்களை வரைகிற ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் நாம் எழுத்தைப் படிப்பதில்லை, பார்க்கிறோம். பாதி நேரம் அதில் இருப்பது அர்த்தமில்லாத டம்மி எழுத்து, அதுவும் பெரிய மானிட்டரில், 200 சதவீதம் ஜூமில், திரை போட்ட அறைக்குள். அந்த நிலையில் எழுத்து என்பது பக்கத்தில் பூசுகிற ஒரு சாயம் மாதிரி ஆகிவிடுகிறது, அழுத்தமாக இருந்தால் உறுத்துகிறது, உடனே கொஞ்சம் மங்கலாக்குகிறோம். ‘முக்கியமில்லாத தகவல், அதனால்தான் மங்கல்’ என்று ஒரு பதில் வரும். முக்கியமில்லை என்றால் எடுத்துவிடுங்களேன்! கோப்பின் அளவு முக்கியமில்லை என்று நினைத்துத்தான் நானும் மங்கலாக்கினேன், அந்தக் குறிப்பு தெரியாதவருக்குத் திரும்பத் திரும்பப் பிழைச் செய்தி மட்டும் கிடைக்கும், பிழைச் செய்தி மட்டும் நல்ல அழுத்தமான சிவப்பில். பெட்டிக்குள்ளேயே மங்கலாகத் தெரிகிற மாதிரி எழுத்தை, அதாவது பிளேஸ்ஹோல்டரையே, லேபிளாகப் போடுவது இன்னும் மோசம். அது மங்கலும்கூட, ஒரு எழுத்து தட்டியதும் காணாமலும் போய்விடும். பாதியில் போன் வந்து, பேசிவிட்டுத் திரும்பினால் எந்தப் பெட்டி எதற்கு என்றே தெரியாது.

சரிபார்க்கப் புதிய டூல் எதுவும் வேண்டாம். குரோம் பிரவுசரிலேயே இருக்கிற டெவ்டூல்ஸ் பலகத்தில் எழுத்தின் நிறக் கட்டத்தைக் கிளிக் செய்தால் கான்ட்ராஸ்ட் எண் அங்கேயே வரும், எந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பாஸ் என்பதும் வரைந்தே காட்டும். அதே டெவ்டூல்ஸின் ரெண்டரிங் பகுதியில், மங்கலான பார்வை உள்ளவருக்குப் பக்கம் எப்படித் தெரியும் என்று காட்டும் தேர்வை ஒருமுறை போட்டுப் பாருங்கள், உங்கள் அழகான பக்கத்தில் எது மிஞ்சுகிறது என்று தெரியும். நிறங்களையெல்லாம் ஒரே இடத்தில் பெயர் கொடுத்து சிஎஸ்எஸ் வேரியபிளில் வைத்திருந்தால் திருத்துவது ஒரே வரி வேலை.

அந்த ஒரு வரியை வெள்ளிக்கிழமை மாற்றிவிட்டேன். #999 போய் #595959, வெள்ளை மேல் 7:1. மூன்று டெமோ முடிந்தாயிற்று, குழுவில் ஒருவர்கூட கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.