கொரோனா நிவாரணப் பணத்தில் போலீஸுக்கு ஒரு டாலர்கூடத் தரக்கூடாதா?

அமெரிக்காவில் 2021 கொரோனா நிவாரணச் சட்டப் பணத்தைப் போலீஸுக்குத் தரவே கூடாது, தர ஓட்டுப் போடும் மாநில சட்டமன்ற உறுப்பினர்கள் சட்டத்தை மீறுகிறார்கள் என்று ஒரு செய்தி சுற்றியது. தவறு.

அப்போதைய அதிபர் பைடன் 2021 மார்ச் 11 அன்று கையெழுத்திட்ட அந்தச் சட்டம் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கு 350 பில்லியன் டாலர் ஒதுக்கியது, அதாவது 35,000 கோடி டாலர். தொற்றால் இழந்த வருவாயை அந்தப் பணத்தால் ஈடுகட்டி வழக்கமான அரசுப் பணிகளுக்குச் செலவிட முடிந்தது, போலீஸ் சம்பளமும் அதில் அடங்கியது. அப்புறம், துப்பாக்கி வன்முறை கூடிய ஊர்களில் புதிதாகப் போலீஸ்காரர்களை எடுக்கவும் இதைப் பயன்படுத்தலாம் என்று 2021 ஜூனில் பைடன் அரசே அறிவித்தது.

இன்னொரு பக்கம், அமெரிக்க நாடாளுமன்றத்தில் இந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சிக்காரர்கள் போலீஸ் நிதியை வெட்டினார்கள் என்பதும் சரியில்லை. அவர்களில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் இது போலீஸுக்கென்றே ஒதுக்கிய பணம் இல்லையே, அதைத் தொற்றுக்கான உதவி, குடிநீர், சாக்கடை, இணைய வசதி என்று பலவற்றுக்கும் செலவிட முடிந்தது.

ஒரு சட்டமன்ற உறுப்பினர் போலீஸுக்கு வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அது அவருடைய முன்னுரிமை, அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அதுவும் மாநிலத்தின் பங்கைப் பற்றித்தான் அவர் ஓட்டுப் போட முடிந்தது. பெரிய நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்றவை) பணம் நேரடியாகவே போனது, அதை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுத்தது அந்தந்த உள்ளாட்சிதான்.