கடிதங்களை எரித்த அப்பா
இளையோர் இணையத் தனியுரிமையைப் பொருட்படுத்துவதில்லை என்ற கட்டுரையாளரின் கூற்றை யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கும் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. தொண்ணூறுகளில் இராணுவத்தின் சுற்றிவளைப்புத் தேடுதலுக்கு அஞ்சி, வெளிநாட்டிலிருந்த அண்ணரின் கடிதங்களைக்கூட அடுப்பில் இட்ட என் அப்பா, இன்று யாரோ ஓர் அதிகாரியின் தோரணையில் தொலைபேசியில் கேட்டால் அடையாள அட்டை இலக்கத்தைத் தயங்காமல் ஒப்புவிக்கிறார் (அதிகாரக் குரலுக்குப் பணிந்தே பழகியவர்). பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளோ, தன் சாப்பாட்டையும் பயணத்தையும் இன்ஸ்டாகிராமில் இடுபவள்தான். ஆயினும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் இலங்கைச் சட்டம்), எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்திருப்பதை எனக்கு விளக்கியவளும் அவளே. முகநூல் பதிவுகளுக்காக 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தமிழ் இளைஞர்கள் கைதானதை அறிந்த அவளுடைய வயதினர், எழுதியதை அழிப்பதில்லை. எழுதுவதற்கு முன்னரே யோசிக்கிறார்கள்.