அந்தக் குட்டியோட அம்மா எங்கே?

நேற்று சாயங்காலம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். கடையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பீகிள் நாய்க்குட்டி, கிழித்துப் போட்ட காகிதத் துண்டுகளின் மேல் குறுகிப் படுத்திருந்தது. "பசங்க ரெண்டு பேரும் இதை விட்டு நகர மாட்டேங்கிறாங்க, எடுத்துடட்டுமா?" என்று கேட்டிருந்தார். நான் திருப்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: இதோட அம்மா எங்கே இருக்கு? கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. பிரீடரிடம், அதாவது நாய்களை இணை சேர்த்துக் குட்டி விற்பவரிடம், இருக்கிறதாம். எந்த பிரீடர், எந்த ஊர் என்றால் கடைக்காரருக்கே தெரியாதாம், ஏஜென்ட் மூலமாகத்தான் வருகிறதாம்.

"அப்ப எடுக்காதே" என்று போன் போட்டுச் சொன்னேன். ஏன் என்று சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு இன்னொருவர் கேட்டால் இதைக் காட்டலாம்.

நானும் கடையில் வாங்கியவன்தான், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். இரண்டு மாதக் குட்டி, முதல் தடுப்பூசி போட்டாயிற்று என்று சொல்லி ஒரு அட்டையும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று இரவே வாந்தி, விடிவதற்குள் ரத்தமாக வயிற்றுப்போக்கு. அந்த வாடையை ஒரு தடவை அனுபவித்தவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது. மருத்துவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, இதற்கு ஐந்து வாரம்கூட ஆகியிருக்காது என்றார். அப்புறம் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். தடுப்பூசி போடும்போது மருந்துக் குப்பியின் லேபிளை உரித்து அட்டையில் ஒட்டுவது வழக்கம், பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் அதில்தான் இருக்கும். என் அட்டையில் அந்தக் கட்டம் காலி. ஓரத்தில் பேனாவால் ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். நான்கு நாள் டிரிப் ஏற்றினோம். ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டது.

பார்வோ என்ற வைரஸ். 1978 வாக்கில்தான் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டார்கள், அடுத்த ஓரிரு வருஷத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. கிருமி உள்ளே போனதிலிருந்து அறிகுறி தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். அதாவது என் குட்டி வீட்டுக்கு வரும்போதே நோயோடுதான் வந்திருக்க வேண்டும். தாய்ப்பால் வழியாகக் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அது இருக்கும்வரை தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் ஒரே ஊசியோடு நிறுத்தாமல் 16 வாரம் வரைக்கும் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில், சீக்கிரமே பால் மறக்கடித்த குட்டிகளை, பத்து வெவ்வேறு ஈத்துக் குட்டிகளோடு ஒரே வண்டியில் அடைத்து, ஒரே கூண்டில் இறக்கினால் என்ன நடக்கும்? கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கடையைச் சும்மா தண்ணீர் விட்டுக் கழுவினால் அது போகாது.

எனக்கு உறைத்தது இதன் பிறகுதான். அந்தக் குட்டி கடையில் பிறக்கவில்லை. எங்கோ ஒரு பெண் நாயின் வயிற்றில் பிறந்து, ஒரு ஏஜென்ட் கைக்கு மாறி, வண்டியேறி, கண்ணாடிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. சங்கிலியில் ஒவ்வொரு கையும் முந்தின கையைக் காட்டாது. காட்டினால் வியாபாரம் நின்றுவிடும். அமெரிக்காவில் இதைப் 'பப்பி மில்' என்பார்கள், ஆலை மாதிரி உற்பத்தி நடப்பதால். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே விவசாயம் நொடித்த மத்திய மேற்குப் பகுதியில், கோழி வளர்த்த கொட்டகைகளிலேயே நாய் வளர்க்கத் தொடங்கியதில் வேரூன்றிய தொழில் இது. இன்றைக்கு அது இல்லாத நாட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு பெண் நாய் பொதுவாக வருஷத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், சினைக்காலம் சுமார் 63 நாள். மனசாட்சி உள்ள பிரீடர் ஒரு ஈத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் உடம்பு தேற விடுவார். ஆலையில் விடமாட்டார்கள், ஒவ்வொரு பருவத்துக்கும் இணை சேர்ப்பார்கள். குட்டியின் எண்ணிக்கை குறைந்தால் அதோடு அவள் கதை முடிந்தது. கூண்டின் அளவையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி, நாயை மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து 6 அங்குலம் கூட்டி, அந்த நீளத்தில் ஒரு சதுரம் வரைந்தால் எவ்வளவு தரை வருமோ அதுவே குறைந்தபட்ச இடமாகப் போதும். தலைக்கு மேலே இன்னொரு 6 அங்குலம். இது சட்டத்தை மீறியவர் வைத்திருக்கும் கூண்டு இல்லை, சட்டத்துக்கு உட்பட்ட கூண்டு.

இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் செல்லி அப்படி ஓர் இடத்திலிருந்து வந்தவள். லேப்ரடார். ஆறு ஏழு வயசில், இனி ஈனமாட்டாள் என்று தெரிந்ததும் கழித்துவிட்டார்கள், மீட்புக் குழு ஒன்று எடுத்து வந்தது. முதல் நாள் தரையில் இறக்கி விட்டபோது அவள் நேராக நடக்கவில்லை. சின்ன வட்டமாகச் சுற்றினாள், ஒரு கட்டில் அளவுகூட இருக்காது, அதே வட்டம், அதே பக்கமாக, அரைமணி நேரம். கதவு திறந்துதான் இருந்தது. கம்பி வலை மேலேயே வாழ்ந்ததில் கால் விரல்கள் அகன்று விரிந்திருந்தன, நகம் வளைந்து உள்ளங்கால் சதையில் குத்தியிருந்தது. முன்பற்கள் கம்பியைக் கடித்துக் கடித்து மழுங்கிப் போயிருந்தன. புல்லில் கால் வைக்க ஒன்பது நாள் ஆனது. படி ஏற ஒரு மாதம். இன்றைக்கும், டிவியிலோ போனிலோ ஒரு குட்டி முனகும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாள். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், துணிக்கூடைக்குள், எல்லா இடத்திலும் தேடுவாள். தேடி முடித்துவிட்டு என் காலடியில் வந்து படுப்பாள். எத்தனை குட்டி ஈன்றாளோ, ஒன்றுகூட அவளிடம் எட்டு வாரம் இருந்திருக்காது.

எட்டு வாரம் என்பது சும்மா வாய்க்கு வந்த கணக்கு இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலு வாரம்வரை குட்டி உலகத்தைப் படிக்கிற காலம். கடி எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் கூடப் பிறந்ததுகளிடமும் தாயிடமும்தான் கற்றுக்கொள்கிறது. மனிதர், சத்தம், மிக்சி, குடை எல்லாம் பயப்பட வேண்டியவை இல்லை என்று பழகுவதும் அப்போதுதான். அதைக் கூண்டிலும் வண்டியிலும் கழித்த குட்டி அந்தப் பாடத்தைத் தவறவிடுகிறது. 2013-ல் ஃபிராங்க்ளின் மெக்மிலன் குழுவினர் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்ட ஆய்வு, கடையில் வாங்கிய நாய்களையும் சிறிய அளவில் வளர்க்கும் பிரீடர்களிடம் வாங்கியவற்றையும் ஒப்பிட்டது. கடையில் வாங்கியவற்றில் வீட்டு ஆளிடமே ஆக்ரோஷம், தெரியாதவரிடமும் மற்ற நாய்களிடமும் ஆக்ரோஷம், பயம், வீட்டுக்குள் அசுத்தம் செய்வது என எல்லாமே அதிகம் இருந்தன. அப்புறம் அந்த நாயைத்தான் "குணம் சரியில்லை" என்று தெருவில் விடுகிறோம்.

நோய் நாயோடு நிற்பதும் இல்லை. 2016 முதல் 2018 வரை அமெரிக்காவில் கடைக் குட்டிகளோடு தொடர்புடைய, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பைலோபேக்டர் என்ற பாக்டீரியாத் தொற்று பல மாநிலங்களில் நூறு பேருக்கு மேல் வந்தது, வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத வகை அது. அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையமே எச்சரிக்கை விட்டது.

சில நாடுகள் விழித்துக்கொண்டிருக்கின்றன. வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து 2013-ல் மீட்ட லூசி என்ற கேவலியர் நாயின் பெயரால் இங்கிலாந்தில் ஒரு சட்டம் இருக்கிறது. 2020 ஏப்ரல் 6 முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை மூன்றாம் நபர் வியாபாரமாக விற்கக்கூடாது, வாங்குபவர் வளர்ப்பவரிடமோ மீட்பு இல்லத்திடமோதான் நேரடியாகப் போக வேண்டும், வளர்ப்பவர் குட்டியை அது பிறந்த இடத்தில் தாயோடு காட்ட வேண்டும். கலிபோர்னியா 2019 தொடக்கத்திலிருந்து கடைகளில் பிரீடர் குட்டி விற்பதை நிறுத்தியது. பிரான்ஸ் 2024 ஜனவரியில் கடைகளில் நாய், பூனை விற்பனையையே தடை செய்தது. நான் கேட்கும் அதே கேள்வியைத்தான் இங்கிலாந்து சட்டமாக்கியிருக்கிறது: அம்மாவைக் காட்டு.

நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி, ஆனா நாம எடுக்கலைன்னா அந்தக் குட்டி என்ன ஆகும்? பாவமில்லையா?" என்றார். ரொம்ப நல்ல மனசு உள்ளவர்கள் எல்லோரும் கேட்பது இதுதான், இதற்குப் பதில் சொல்வதுதான் எனக்கு எப்போதும் கஷ்டம். பாவம்தான். ஆனால் நீங்கள் எடுத்த அடுத்த வாரமே அந்தக் கூண்டில் இன்னொரு குட்டி இருக்கும், அதற்காகச் செல்லி மாதிரி ஒருத்தியை இன்னொரு பருவத்துக்கு இணை சேர்ப்பார்கள். நீங்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த பணம் கடைக்காரர் கணக்கில் ஒரு விற்பனை, அவ்வளவுதான். குட்டி நோயோடு இருப்பது தெரிந்தால் போட்டோ எடுத்து விலங்கு நல அமைப்புக்கோ அதிகாரிக்கோ புகார் கொடுங்கள். அது அந்தக் குட்டிக்கும் உதவும், அதன் அம்மாவுக்கும் உதவும்.

எங்கே போவது என்றால், என் முதல் பதில் தத்து. மீட்பு இல்லத்தில் இருக்கும் வளர்ந்த நாயின் குணம் அங்கே இருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்: குழந்தைகளோடு ஒத்துப்போகுமா, பூனையைத் துரத்துமா, தனியாக விட்டால் ஊளையிடுமா. குட்டியில் இதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே தடவை பார்த்து முடிவெடுக்காமல் இரண்டு மூன்று முறை போய் அதைக் கொஞ்ச தூரம் நடக்கக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், வீட்டில் இருக்கும் எல்லோரும் போங்கள்.

இல்லை, குறிப்பிட்ட இனம்தான் வேண்டும் என்றால் பிரீடரைத் தேடுங்கள், நான் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கே போங்கள். "நீங்க ஏன் அலையணும், பாதி வழியில் கொண்டுவந்து தர்றோம்" என்று சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். தாய் குட்டிகளுக்குப் பால் கொடுப்பதைக் கண்ணால் பாருங்கள். ஏதோ ஒரு பெண் நாயைக் கொண்டுவந்து நிறுத்தி இதுதான் அம்மா என்பார்கள், குட்டிகள் அதன் மடியைத் தேடிப் போகின்றனவா என்று கவனியுங்கள். பெற்றோரின் பரிசோதனை முடிவுகளைக் கேளுங்கள்: லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு என்றால் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, கேவலியர் என்றால் இதயம், டால்மேஷன் என்றால் காது கேட்கிறதா என்ற சோதனை. வம்சாவளிச் சான்றிதழைக் காட்டி இதை மறைக்கப் பார்ப்பார்கள். அந்தக் காகிதம் அப்பா அம்மா யார் என்று சொல்லும், அவர்கள் ஆரோக்கியமாக இருந்தார்களா என்று சொல்லாது. பக், பிரெஞ்ச் புல்டாக் மாதிரி முகம் தட்டையான இனங்களை யோசிக்கிறவர்கள் அவற்றில் பல தூங்கும்போதுகூட மூச்சுக்குத் திணறுவதைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நல்ல பிரீடர் உங்களைத்தான் அதிகம் கேள்வி கேட்பார். எத்தனை மணி நேரம் வீட்டில் ஆள் இருப்பீர்கள், முன்பு வளர்த்த நாய் எப்படி இறந்தது, வேறு ஊருக்கு மாறினால் என்ன செய்வீர்கள். வளர்க்க முடியாமல் போனால் என்னிடமே திருப்பிக் கொடுங்கள் என்று எழுதி வாங்குவார். கோபப்படாதீர்கள், அந்தக் கேள்விகளுக்குத்தான் நாமும் முதலில் நமக்குள் பதில் வைத்திருக்க வேண்டும். பன்னிரண்டு பதினைந்து வருஷம் அது நம்மோடு இருக்கப் போகிறது. இன்றைக்கு அடம் பிடிக்கும் பசங்க கல்லூரிக்குப் போன பிறகும் அதைக் காலையில் வெளியே கூட்டிக்கொண்டு போகப் போவது அப்பாவோ அம்மாவோதான்.

நண்பர் பீகிளை எடுக்கவில்லை. பசங்க அழுதார்களாம். இந்த ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறார்கள், நானும் கூடப் போகிறேன். குட்டி பார்க்கப் போகிறவர்கள் வேறு யாருக்காவது துணைக்கு ஆள் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், முடிந்தவரைக்கும் வருகிறேன்.