இரண்டாவது முறையும் அதே அட்டையை ஜெராக்ஸ் எடுத்தவர்

பாலக்கோட்டில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா, சாதிச் சான்று, ஆதார் திருத்தம், தேர்வு முடிவு என்று சுற்றுப்பட்டுக் கிராமங்களின் காகிதங்களில் பாதி என் மேசையைத் தொட்டுவிட்டுத்தான் போகும். அந்தத் தகுதியில்தான் இந்தப் பதிவு. நான் மருத்துவன் அல்ல.

போன மாசியில் ஓர் அக்கா வந்தார். குடும்ப அட்டையை நீட்டி ஒரு நகல் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். காசைக் கொடுத்த பிறகும் அவர் போகவில்லை. வெயிலுக்கு ஒதுங்கியவர் போலக் கதவோரம் நின்றார். கடையில் இருந்த கல்லூரிப் பையன்கள் கிளம்பியதும் அதே அட்டையை மறுபடி நீட்டி இன்னொரு நகல் கேட்டார். இயந்திரம் ஓடுகிற சத்தத்துக்குள் குரலை ஒளித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "தம்பி, மனம் சரியில்லாதவர்களுக்குப் போனிலேயே பேசுகிறார்களாமே, அந்த நம்பர் உன் கம்ப்யூட்டரில் கிடைக்குமா?"

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. "பக்கத்து வீட்டுப் பையனுக்கு" என்று அவராகவே சொன்னார்.

எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். நொடியில் எடுத்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். தேடினால் முதலில் வந்தவை விளம்பரங்கள். அடுத்து, யாரோ எப்போதோ தொகுத்த நீண்ட பட்டியல்கள். முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது, மாலை வரைதான் இயங்குவோம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் துண்டித்துக்கொண்டது. மூன்றாவதை எடுத்தவர் நான் வாய் திறப்பதற்குள் "குடியா, வேறு ஏதாவதா? வண்டி அனுப்பட்டுமா? முன்பணம் எவ்வளவு கட்டுவீர்கள்?" என்று கேட்டார். அது ஏதோ தனியார் மறுவாழ்வு மையம். ஒலிபெருக்கியில் வைத்திருந்ததால் அக்காவுக்கும் கேட்டுவிட்டது. "பரவாயில்லை தம்பி, நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது நகலுக்கும் காசு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அந்த நான்கு நாட்களும் கடைக்குள் நிழல் விழும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் பக்கத்தில் குறி சொல்கிறவர் எந்தக் கிழமையில் உட்காருவார் என்று யாரைக் கேட்டாலும் தெரியும். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும், எலுமிச்சம்பழம் எத்தனை, அமாவாசையன்று கூட்டம் அதிகம் என்பது வரை சொல்வார்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. குறி கேட்கப் போகிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன், என் அம்மாவும் போனவர்தான். கயிறு கட்டிக்கொள்ளுங்கள், மருத்துவர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்பதோடு என் உபதேசம் முடிந்தது. நான் சொல்ல வருவது வேறு. அந்த வழி, போய் வந்தவர் வாயிலிருந்து வருகிறது. உதவி எண்ணோ, ஒருமுறைகூட அழைத்துப் பார்க்காதவர் அனுப்பிய படமாக வருகிறது. பூப்படம் போட்டு, "யாருக்காவது பயன்படும், பகிருங்கள்" என்று எழுதி. நானும்தான் பகிர்ந்திருக்கிறேன். அதில் இருந்த எண்களில் எது உயிரோடு இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

எனவே ஐந்தாம் நாள் இரவு கடையைச் சாத்திவிட்டு, ஷட்டருக்குள் உட்கார்ந்து நானே அழைத்தேன். 14416. டெலி மானஸ் என்பது அதன் பெயர். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது. நமக்கு அடுத்த ஊரான பெங்களூரில் இருக்கிற நிமான்ஸ் என்னும் மத்திய அரசின் மனநல மருத்துவமனைதான் இதற்குத் தலைமை மையம். தமிழ்நாட்டில் இதை "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்ற பெயரில் நடத்துகிறார்கள். 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது, தேர்ந்தெடுத்தேன். ஒரு பெண் பேசினார். நான் கடைக்காரன், இந்த எண் வேலை செய்கிறதா என்று பார்க்க அழைத்தேன் என்று உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பொறுமையாக விவரம் சொன்னார்: பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, வீட்டில் இருப்பவரும் அழைக்கலாம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பார்கள், பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்று வழி சொல்வார்கள். கடைசியில், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அதற்கு நான் தயாராக இல்லை. பேச்சு முடிந்தபோது இருபது நிமிடம் தாண்டியிருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இன்னொரு தொல்லையையும் அன்றுதான் கவனித்தேன். 14416 மனநலம். 14417 பள்ளிக்கல்வித் துறையின் வழிகாட்டி எண். 14446 போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான தேசிய எண். இம்மூன்றையும் பதற்றத்தில் இருக்கிற ஒருவர் மனப்பாடமாக அடிக்க முடியுமா? இந்த எண்களை ஒதுக்கியவர்கள் ஒருமுறையாவது அழுதுகொண்டே போன் செய்திருந்தால் இப்படி ஒதுக்கியிருக்க மாட்டார்கள். அதனால் செல்போனில் பெயர் போட்டுச் சேமித்துவிடுவதுதான் வழி. "மனநலம்" என்று போடக் கூச்சமாக இருந்தால் "பெரியம்மா" என்று போட்டுக்கொள்ளுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்.

ஆறாம் நாள் அக்கா வந்தார். கையில் அட்டை இல்லை. லேமினேஷன் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு, என் போனிலேயே எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அவருடைய போன் பெரும்பாலும் வீட்டுக்காரர் கையில் இருக்குமாம். உதவி எண்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்க்காத இடம் இதுதான். நம் ஊர்களில் நிறையப் பெண்களுக்குத் தனியாக ஒரு போனும் இல்லை, தனியாகப் பேச ஓர் அறையும் இல்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் போனால் சிக்னலுக்கே மேடு ஏற வேண்டும், அந்த மேட்டில் ஏற்கெனவே நான்கு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பையன் பக்கத்து வீட்டுப் பையன் அல்ல என்பதை நீங்களும் ஊகித்திருப்பீர்கள். அவன் இப்போது மாதம் ஒருமுறை தருமபுரி போய்வருகிறான். இதற்கு அக்காவின் அனுமதி வாங்கி, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அவர் முதலில் பயந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு, அதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே" என்றார். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின் நிழல் இன்னமும் நம் வீடுகளில் கிடக்கிறது. உயிரை விட முயன்றவரைத் தண்டித்த பிரிவு அது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோதே, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவே இல்லை. வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்திருந்து பறிகொடுத்த குடும்பங்கள் எல்லாத் தாலுகாவிலும் இருக்கும். அவசரம் என்றால் 108ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை அந்த ஆளைத் தனியே விடாதீர்கள்.

வேறு சில எண்களும் கடையில் கேட்கப்படுகின்றன. அடிதடி, வீட்டுக் கொடுமை என்றால் பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. பிள்ளைகள் பெங்களூரிலும் திருப்பூரிலும் இருக்க, வீட்டுக் காவலுக்கு விட்டுவைக்கப்பட்ட பெரியவர்களுக்கு 14567. கடன் செயலிக்காரர்கள் படத்தை மாற்றி அனுப்பி மிரட்டுகிறார்கள் என்று இரண்டு பையன்கள் வந்தார்கள். அதற்கு இணையக் குற்றப் புகார் எண் 1930, ஆனால் அன்றிரவு அவர்களுக்கு 14416உம் தேவைப்பட்டது. சென்னையில் சினேகா என்கிற அமைப்பு மனம் உடைந்தவர்களோடு பேசுகிற வேலையை 1986இலிருந்து செய்கிறது, மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது. அதன் எண் 044 24640050. எந்தப் பட்டியலில் பார்த்தாலும், என் பதிவையும் சேர்த்துத்தான், அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

இப்போது கடையின் ஷட்டருக்கு வெளியே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வீடு வாடகைக்கு என்று ஒட்டுவார்களே, கீழே எண்ணைத் துண்டு துண்டாக வெட்டி, கிழித்துக்கொண்டு போகிற மாதிரி. அதே மாதிரி. பகலில் ஒருவரும் அதன் பக்கம் திரும்புவதில்லை. காலையில் வந்து திறக்கும்போது ஒன்றிரண்டு குறைந்திருக்கும். ஒருநாள் நான்கு. அதில் ஒன்று டீக்கடைக்காரர் பல் குத்தக் கிழித்தது, அவரே ஒப்புக்கொண்டார்.

தக்காளி ஏற்ற வருகிற ஓட்டுநர்களில் கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்கள் பலர். அந்த இரண்டு மொழிகளிலும் பிழையில்லாமல் நாலு வரி எழுதித் தர ஓசூர், தளிப் பக்கம் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். அச்சுச் செலவு என்னுடையது.