சுகர் இறங்கினால் முதலில் திண்டாடுவது மூளைதான்

சுகர் உள்ள வீடுகளில் பேச்செல்லாம் ஏறுவதைப் பற்றித்தான். முந்நூறு என்றால் வீடே பதறும். அறுபது காட்டினால், "பரவாயில்லையே, நல்லா கன்ட்ரோல்ல இருக்கு" என்பார்கள். அதைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏறிய சர்க்கரை பெரும்பாலும் வருஷக்கணக்கில் அரிக்கும். இறங்கியது அன்றைக்கே ஆளைச் சாய்த்துவிடும்.

மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. நாளைக்கு 100 கிராமுக்கு மேல் குளுக்கோஸ். யோசிப்பதற்கா இவ்வளவும்? இல்லை. மனக்கணக்குப் போடும்போது மூளையின் ஆக்சிஜன் செலவு கூடுகிறதா என்று 1950களில் அமெரிக்காவில் லூயி சோகோலாஃப் குழுவினர் அளந்தார்கள். மொத்தச் செலவில் மாற்றம் தெரியவில்லை. ஒவ்வொரு நரம்பு செல்லும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெருஞ்செலவு அதற்குத்தான். இத்தனைக்கும் மூளைக்குச் சொந்தச் சேமிப்பு என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. ரத்தத்தில் வருவதை வைத்துத்தான் பிழைப்பு.

"விரதம் இருந்து பழகின உடம்புதானே" என்பார்கள். நியாயமான கேள்விதான். பட்டினி நீண்டால் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைச் செய்து அனுப்பும்; மூளை அதிலும் ஓடும். 1967இல் ஜார்ஜ் கேஹில் குழுவினர் இதைக் காட்டினார்கள். ஆனால் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. இன்சுலின் இருக்கும்போது கீட்டோன் உற்பத்தி அடங்கிவிடும். அதாவது சர்க்கரையும் இல்லை, மாற்று எரிபொருளும் இல்லை. மாத்திரை போட்டவரின் விரதம் வேறு, போடாதவரின் விரதம் வேறு.

என் பெரியப்பா ஓர் அமாவாசையன்று காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, காக்காய்க்குச் சோறு வைத்தபிறகுதான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்திருந்தார். உச்சிப்பொழுதுக்குள் சட்டைப் பட்டனை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். பெரியம்மாவைப் பார்த்து "நீ யாரு?" என்று அதட்டினார். பசிக் கோபம் என்றே நினைத்தார்கள். குத்திப் பார்த்தால் 41. சர்க்கரைத் தண்ணீர் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க?" என்கிறார்! நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை.

வியர்வை, நடுக்கம் எல்லாருக்கும் வராது. பல வருஷம் சுகர் இருப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கையே மழுங்கிப்போகும், நேராகக் குழப்பம்தான். வயதானவர்களுக்கு இந்த மாத்திரைகளை எழுதித் தரும்போது, இறங்கினால் என்ன செய்வது என்று வீட்டாரிடம் இரண்டு நிமிஷம் சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொல்கிறார்கள்?

எழுபதுக்குக் கீழே வந்தால், நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். பிஸ்கட், சாக்லேட் மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். தெளிந்ததும் சாப்பிட வைத்து, டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அந்த மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நிற்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் அதிகம். ராத்திரி மறுபடி இறங்கலாம்.