வாய்க்கால் வெட்டியவனைப் பற்றிப் பேச்சே இல்லை

2015 அக்டோபரில் மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் புகைமூட்டத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரியாது. கொடியில் காய்ந்த துணியை முகர்ந்தால் விறகடுப்பு நெடி. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். அம்மா கதவிடுக்கில் ஈரத் துண்டைச் செருகிக்கொண்டே, "எவனோ அங்கே கொளுத்திப் போட, நாம் இங்கே இருமுகிறோம்" என்றார்.

பாதி உண்மை. கொளுத்தியவன் இருக்கிறான்தான். ஆனால் இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் மரத்தோடு சேர்ந்து மண்ணும் எரிந்தது. கரிமண், மலாயில் தானா கம்புட் என்பார்கள்: நீரில் ஊறிக் கிடந்ததால் மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இலையும் வேரும் கிளையும். நீர் நிற்கும்வரை அது எளிதில் தீப்பிடிக்காது. வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டால் அப்புறம் அது விறகு.

வெட்டியது யார்? 1990களின் நடுவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் அரசு மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்குகிறேன் என்று கிளம்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வாய்க்கால் தோண்டியது. சொன்ன நெல் விளையவில்லை. 1997இல் பசிபிக் கடல் சூடேறியதால் வந்த எல் நினோ வறட்சியில், வடிந்த மண் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டு இந்தோனேசியாவில் கரிமண்ணும் அதன் மேலிருந்த காடும் எரிந்து 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கார்பன் வெளியேறியதாக கரிமண் ஆய்வாளர் சூசன் பேஜ் குழுவினர் 2002இல் கணக்கிட்டார்கள். உலகமே நிலக்கரியும் எண்ணெயும் எரித்து ஓராண்டில் விட்டதில் இது 13 முதல் 40 விழுக்காடு. மண் எவ்வளவு ஆழம் எரிந்தது என்று அளப்பது கடினம், அதனால்தான் இவ்வளவு இடைவெளி. தலை சுற்றுவதற்குக் கீழ்க்கணக்கே போதும்.

எத்தனை ஹெக்டேர் எரிந்தது என்று மட்டும் எழுதும் செய்திகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். உலகில் ஆண்டுதோறும் எரியும் பரப்பில் பெரும்பகுதி ஆப்பிரிக்கப் புல்வெளிதான். அடுத்த மழையில் புல் முளைத்து, விட்ட கார்பனில் பெரும்பங்கைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். கரிமண் வளர்வதோ ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில். அரை மீட்டர் எரிந்தால் ஐந்நூறு ஆண்டு போயிற்று. 2015இல் பல நாட்கள், இந்தோனேசியத் தீ ஒரு நாளில் விட்ட பசுங்குடில் வாயு மொத்த அமெரிக்காவும் ஒரு நாளில் விடுவதைத் தாண்டியது. (அங்குள்ள, பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களில் மலேசிய, சிங்கப்பூர் முதலீடும் உண்டு. நாம் வெறும் இருமுகிறவர்கள் அல்ல.)

கிள்ளானுக்குப் பக்கத்திலுள்ள நம் ஜோஹான் செத்தியாவும் கரிமண்தான். அங்கே ஒரு தீயை நேரில் பார்த்தேன். தீயணைப்பு வீரர் குழாயைப் பிடித்து அரைமணி நேரம் நீர் பாய்ச்சினார். ஆவி எழுந்து அடங்கியது. அவர் குழாயைச் சுருட்டுவதற்குள் பத்தடி தள்ளி வேறோர் இடத்தில் புகை கிளம்பியது. பக்கத்தில் ஒரு செம்பனை சாய்ந்து கிடந்தது, வேர்கள் அந்தரத்தில். மண் அத்தனை இறங்கியிருந்தது.

இந்தோனேசியா 2016இல் கரிமண் மீட்புக்கென்றே தனி அமைப்பு தொடங்கி வாய்க்கால்களை அடைக்க ஆரம்பித்தது. தோட்டங்களில் நீர்மட்டம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது அங்கே விதி. ஜோஹான் செத்தியாவிலிருந்து திரும்பும் வழியில் சாலையோர வாய்க்காலில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை கையும் உள்ளே போயிற்று, குச்சி நுனி நனையவில்லை.