பேராசிரியர் அன்பழகன்: பரவும் தகவலும் உண்மையும்

"க. அன்பழகன் தேர்தலில் தோற்றதே இல்லை, 'பேராசிரியர்' என்பது கட்சி கொடுத்த பட்டம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

தி.மு.க.வின் மூத்த தலைவராக இருந்த அவர் 1944 முதல் 1957 வரை சென்னை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அந்த உழைப்பை வெறும் பட்டமாக்குவது வருத்தமாக இருக்கிறது. 1957-ல் எழும்பூரில் வென்றார். அப்போது தி.மு.க.வுக்கு அங்கீகாரம் இல்லாததால் ஆவணத்தில் 'சுயேச்சை' என்றே இருக்கும், குழம்ப வேண்டாம்.

சரி, தோல்வி? தேர்தல் ஆணைய இணையதளத்தில் 2011 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையைத் திறந்து வில்லிவாக்கம் பக்கத்தைப் பாருங்கள். வென்றவர் அ.தி.மு.க.வின் ஜே.சி.டி. பிரபாகர், அன்பழகன் இரண்டாம் இடம்.

அவரை மதிப்பவர்களும்தான் இதை அனுப்புகிறார்கள். தயவுசெய்து இனி பகிராதீர்கள், அனுப்பியவருக்கும் சொல்லிவிடுங்கள்.